ஃபிரிட்ஜ் மேல் இறந்தவன் முகவரி

ஒன்பது நாள் அலைந்து தமீரா கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: எர்மெக் எங்கும் இல்லை. அதைச் சொல்ல ஒரு துப்பறிவாளர் தேவையில்லை. எர்மெக்கின் அம்மாவுக்கே ஒரு வருடமாக அது தெரியும்.

வியாழக்கிழமை காலை. பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரம், பாதி வீடுகளுக்கு இன்னும் பூச்சு ஏறாத புதுக்குடியிருப்பு. எர்மெக்கின் அம்மா பெயர் சால்கின். அந்தச் சால்கின் அம்மாவின் சமையலறையில் தமீராவும் அவளுடைய உதவியாளன் அர்காதியும் தேநீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே முற்றத்தில் உறவுக்காரர்கள் நாலு பேர் கயிறு பிடித்துத் தரையை அளந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அங்கே கம்பளிக் கூடாரம் எழும்ப வேண்டும். பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும், ஆண்கள் வெளியே நின்று அழ வேண்டும், நாற்பது வீட்டுக்காரர்கள் வயிறாரச் சாப்பிட வேண்டும். எர்மெக் போய் ஒரு வருடம் ஆனதற்கு அது வருடச் சாப்பாடு. உடல் கிடைக்காததால் அவனுக்கு இதுவரை எதுவுமே செய்யவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

போன நவம்பரில், நகரத்திலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் பூம் மலையிடுக்கில், சூ ஆற்றங்கரையில் எர்மெக்கின் கார் கிடைத்தது. கதவு திறந்திருந்தது. கரைப் பாறைமேல் அவனுடைய கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆளும் இல்லை, அவன் தோளில் எப்போதும் தொங்கும் பையும் இல்லை. ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று போலீஸ் ஒரு வரி எழுதி மூடியது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மூன்று மாதம் முன்பு எர்மெக்கின் கூட்டாளி கூபாத் ஒன்பது மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து விழுந்து செத்துப்போனான். இரண்டு பேரும் வீடுகளுக்கு இன்டர்நெட் கம்பி இழுக்கிறவர்கள். அன்றைக்குக் கூபாத்தின் கயிற்றைக் கட்ட வேண்டியவன் எர்மெக். கட்டினானா, இல்லையா என்று அவனை யாரும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்காததுதான் அவனை ஆற்றுக்கு அனுப்பியது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கூபாத்தின் அப்பா ஜெங்கிஷ் இப்போது முற்றத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமைக்கு அறுக்கிற குதிரை தன் வீட்டுக் குதிரையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சால்கின் அம்மா தமீராவைத் தேடி வந்த முதல் நாளே விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

“இருக்கான், இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு மகளே. உயிரோட இருக்கறவனுக்குக் கூடாரம் போட்டா சாபம். செத்தவனுக்குப் போடாம விட்டாப் பாவம். சனிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை போதும்.”

சொல்லும்போது அவள் குரல் ரொட்டிக் கடையில் ரெண்டு ரொட்டி கேட்கிறவளின் குரலைப் போல இருந்தது. கண்ணில் ஈரம் இல்லை. அம்மாவுக்கு நெஞ்சு கல் என்று மைத்துனிகள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். தமீராவுக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வருடம் முன்பு தன் கணவன் இறந்தபோது தமீராவும் இருநூறு பேருக்குச் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள், கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள், ஒரு சொட்டு அழவில்லை. இன்று வரைக்கும் அழவில்லை. உள்ளே மரத்துப் போனவர்களுக்கு இன்னொருத்தி மரத்துப் போயிருப்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

“அக்கா, இந்த வீட்டு நெட்டு என் வீட்டு நெட்டைவிட வேகமா ஓடுது” என்றான் அர்காதி. நாற்பது வயது, கொரியக் குடும்பம், பதினைந்து வருடம் மினிபஸ் ஓட்டியவன். துக்க வீடு, கல்யாண வீடு என்ற வித்தியாசம் அவன் வாய்க்குத் தெரியாது. “என் வீட்டு ரூட்டர் அரசாங்க ஆபீஸ் மாதிரி. கும்பிட்டாத்தான் அசையும்.”

சால்கின் அம்மா ஃபிரிட்ஜைக் கை காட்டினாள். அதன் தலையில், போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளின் தட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கொம்பு வைத்த வெள்ளை ரூட்டர் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எர்மெக்குக்கு அதுதான் பொழுதுபோக்கு என்றாள். மலிவு ரூட்டரை வாங்குவான், பிரிப்பான், உள்ளே இருக்கிற குட்டி சிப்பைச் சூடு காட்டி எடுப்பான், பெரிய சிப்பை வைப்பான். கம்பெனி போட்ட மென்பொருளைத் துடைத்துவிட்டு, யாரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருளை அதில் ஏற்றுவான். அந்த இலவசச் சரக்கு பழைய சிப்பில் அடங்காதாம். ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டதற்கு, நம்ம வீட்டுப் பெட்டி நம்ம பேச்சைக் கேட்கணும் இல்லையா என்றானாம்.

தமீரா எழுந்து, மின்கம்பியைக் கழற்றாமலே அதைக் கையில் எடுத்தாள். உள்ளே ஏதாவது எழுதி ஒளித்து வைத்திருப்பானோ என்ற எண்ணம்தான். ரொட்டிக் கத்தியின் முனையை விளிம்பில் விட்டு அழுத்தினாள். கிளிக், கிளிக் என்று ஓடு பிரிந்தது. உள்ளே காகிதம் எதுவும் இல்லை. பச்சைப் பலகையின் ஓரத்தில் எட்டுக் கால் வைத்த ஒரு கறுப்பு சிப் மட்டும் மற்றதைவிடப் புதிதாக மின்னியது.

அர்காதி செல்போன் கேமராவை அதன் மேல் பிடித்துப் பெரிதாக்கினான். அவனும் ஒரு காலத்தில் மினிபஸ் பயணிகளுக்கு இலவச வைஃபை கொடுக்கிறேன் என்று இதே அறுவைச் சிகிச்சையைச் செய்து பார்த்தவன். அந்த ரூட்டர் இப்போது அவன் குளியலறையில் சோப்பு வைக்க ஆகிறது.

“அக்கா.” அவன் குரலில் கேலி காணாமல் போயிருந்தது. “சிப்பு மேல அது பொறந்த வருஷமும் வாரமும் போட்டிருப்பான். இது இந்த வருஷம் அஞ்சாவது வாரம்.”

தமீரா மாதங்களைக் கணக்குப் போட்டாள். எர்மெக் காணாமல் போனது போன வருடம் நவம்பரில். இந்த சிப் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே அதற்கு மூன்று மாதம் கழித்து.

இந்த ரூட்டர் இடையில் எங்காவது போய் வந்ததா என்று சால்கின் அம்மாவைக் கேட்டாள். அம்மா முதலில் இல்லை என்றாள். பிறகு கப்பைப் பார்த்தபடியே யோசித்தாள். பனிக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் திடீரென்று கூடிவிட்டது, பல்பு வெடித்தது, டிவி போயிற்று. ஆமாம், இதுவும் போயிற்று. அவன் கை வைத்த பொருள், குப்பையில் போட மனம் வரவில்லை. பஜாரில் செல்போன் சந்தில் மராத் என்கிறவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேறு என்ன நடந்தது என்று கேட்டால் தனக்கு ஒன்றும் நினைவில்லை என்றாள்.

“அப்ப யாரோ ஒரு ரிப்பேர்க்காரன்” என்று அர்காதி மூடியை மாட்டப் போனான். போனவன் நின்றுவிட்டான். ரூட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். செல்போனில் வைஃபை விவரத்தைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான்.

ஒவ்வொரு ரூட்டருக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு முகவரி கொடுத்துவிடுவார்கள், பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அடியில் சீட்டிலும் அதுவே, காற்றில் அது ஊருக்குச் சொல்லிக்கொள்வதும் அதுவே. இந்த ரூட்டரின் சீட்டில் கடைசியில் இருந்தது 3A. காற்றில் அது சொல்லிக்கொண்டிருந்தது 7C.

“இது இந்த வேலை பண்றவன் மட்டுமே பண்ற தப்பு அக்கா. நானே பண்ணியிருக்கேன். முகவரி இருக்கிறது அந்த சிப்புலதான். பழைய சிப்பு எரிஞ்சு போச்சுன்னா முகவரியும் போச்சு. அப்ப அதே மாதிரி இன்னொரு ரூட்டர்லேர்ந்து அப்படியே நகல் எடுத்துப் புது சிப்புல ஏத்துவோம். ஏத்தின பிறகு சீட்டுல இருக்கிற எண்ணைக் கையால திருத்தணும். மறந்தா, இது வேற ஒருத்தன் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியும்.”

“யார் பேரை?”

சால்கின் அம்மா அலமாரியின் உச்சியைக் காட்டினாள். பெட்டிகளைத் தூக்கிப் போடாதே என்று எர்மெக் சொல்லியிருந்தான், அதனால் போடவில்லை. அங்கே ஒரே கம்பெனி, ஒரே மாதிரிப் பெட்டி இரண்டு இருந்தன. இரண்டு ரூட்டர் சேர்ந்தாற்போல வாங்கினான், ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று வேலைக்கு. கம்பி இழுத்த இடத்தில் சோதித்துப் பார்க்க அதை எப்போதும் பையில் போட்டுக்கொண்டு போவான். தமீரா முதல் பெட்டியைத் திருப்பினாள். 3A. இரண்டாவது பெட்டியின் தூசியை விரலால் துடைத்தாள்.

7C.

ஆற்றோடு போனதாக எழுதப்பட்ட பையிலிருந்த ரூட்டர். குளிர்காலத்தில் யாரோ ஒருவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நகல் எடுத்திருக்கிறான். அவன் எர்மெக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்மெக்கின் பிணத்திலிருந்து பையைக் கழற்றியவனாக இருக்க வேண்டும்.

ஏதாவது கிடைத்ததா என்று சால்கின் அம்மா கேட்டாள். ஒரு எண் கிடைத்திருக்கிறது, ரூட்டரை எடுத்துப் போகிறேன் என்று மட்டும் தமீரா சொன்னாள். அம்மா தலையாட்டிவிட்டு அர்காதியின் கப்பில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். வெளியே ஜெங்கிஷ் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

* * *

செல்போன் சந்து மராத் பேச்சில் மன்னன். அந்த ரூட்டரா, நான்தான் செய்தேன், இந்த நகரத்தில் சிப் மாற்றத் தெரிந்த கை இது ஒன்றுதான் என்று இரண்டு கையையும் காட்டினான்.

“அப்ப ஒரு தடவை திறந்து காட்டுங்க தம்பி” என்றாள் தமீரா.

மராத் திருப்புளியை எடுத்தான். ரூட்டரைக் கவிழ்த்தான். ஒரு ரப்பர் காலைப் பிய்த்தான், அடியில் திருகாணி இல்லை. இரண்டாவது காலைப் பிய்த்தான். மூன்றாவது. சீட்டைச் சுரண்டப் போனான்.

“விடுங்க” என்றான் அர்காதி. “இதுல திருகாணியே கிடையாது. ரொட்டிக் கத்திக்குத் திறக்கும். போன தடவை திறந்தப்போ கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்களா?”

மராத்தின் காது சிவந்தது. பிறகு உண்மை தானாக வந்தது. இந்த மாதிரி வேலையெல்லாம் அவன் வெளியே அனுப்பிவிடுவான். ஏரிக்கரை ஊரான பாலிக்சிக்குப் போகிற ஷேர் டாக்சியில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே புகைபோட்ட மீன் விற்கிற ஒரு பெண்ணிடம் டிரைவர் சேர்த்துவிடுவான். அவள் மாஸ்டரிடம் கொடுப்பாள். மாஸ்டரை மராத் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டான், எழுத்தில்தான் பதில். மராத்தின் செல்போனில் அவன் பெயர் ‘ஊமை’ என்று இருந்தது.

அலமாரியில் ஊமை மாஸ்டர் கைபட்டு வந்த ரூட்டர்கள் மூன்று விற்பனைக்கு நின்றன. தமீரா மூன்றையும் மின்சாரத்தில் மாட்டச் சொன்னாள். அர்காதி சீட்டையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றிலும் முகவரி எழுத்துப் பிசகாமல் பொருந்தியது.

“இன்னொரு விஷயம்” என்றான் மராத், அவர்கள் கிளம்பும்போது. அவனுக்கு இப்போது பயம் வந்திருந்தது. “அந்தக் கிழவியம்மா ரூட்டருக்கு மட்டும் அவன் கூலி வேண்டாம்னு எழுதினான். ஏன்னு கேட்டேன். பதிலே இல்ல.”

* * *

பாலிக்சிக்கு மூன்று மணி நேரம். அர்காதி ஓட்டினான். முதல் ஒரு மணி நேரம் அவன் வாய் ஓயவில்லை. பையைத் திருடினவனுக்குக் குற்றவுணர்ச்சி வந்திருக்கும், அதனால் கூலி வாங்கவில்லை என்பது அவன் கட்சி. கூலி வாங்காத திருடனை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான்.

“அவன் உயிரோட இருந்தா அம்மாக்கு ஒரு போன் பண்ண மாட்டானாக்கா? எங்கம்மா நான் ரெண்டு நாள் பேசலைன்னா என் ரத்த வகையையே மாத்திடுவாங்க.”

பூம் மலையிடுக்கு வந்தது. கார் கிடைத்த இடத்தில் அர்காதி வேகத்தைக் குறைத்தான். பாறைகள், சாம்பல் நிறத் தண்ணீர், பக்கத்தில் தண்டவாளம். ஒரு மனிதன் இங்கே கோட்டைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறான். தமீரா அந்த இடத்தைப் பார்த்தாள். தனக்குள் ஏதாவது அசையுமா என்று காத்திருந்தாள். எதுவும் அசையவில்லை. அது அவளுக்குப் பழகிவிட்டது, ஆனாலும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தண்டவாளத்தை ஒட்டி நடந்தால் பாலிக்சி ஒரு ராத்திரி நடைதான் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும்.

பாலிக்சியில் எப்போதும்போலக் காற்று மனிதர்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. மீன்காரி தேடிப் பிடிக்க வேண்டிய ஆளே இல்லை. மாஸ்டரா, பின்னால் பழைய சரக்குப் பெட்டியில் இருக்கிறான், நல்லவன், பேச மாட்டான், நீங்களாவது அவனைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அர்காதியிடம் ஒரு மீனைத் திணித்தாள்.

சக்கரம் கழற்றிய ரயில் பெட்டி அது. கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் விளக்கு, விளக்கின் கீழே குனிந்த ஒரு தலை. தாடி பாதி நரைத்திருந்தது. கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

அர்காதி சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தான். அதில் கொழுகொழுவென்று, மழுங்கச் சிரைத்த முகத்தோடு, இருபத்தெட்டு வயது எர்மெக் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இவன் இல்லக்கா” என்று காதில் சொன்னான். “இவனுக்கு அம்பது இருக்கும்.”

தமீராவின் கண் அலமாரிக்குப் போயிற்று. அங்கே, இரண்டு கொம்போடு, சால்கின் அம்மாவின் ரூட்டருக்கு இரட்டைப் பிறவியாக ஒன்று நின்றது. அவள் கேட்காமலே அதை எடுத்துக் கவிழ்த்தாள். 7C. மேசைக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான், தடுக்கவில்லை.

“இது எங்கே கிடைச்சுது?”

“வாங்கினேன்.”

“யார்கிட்ட?”

“நினைவில்லை.”

பயந்தவன் குரல் இல்லை, பொய்யனின் குரலும் இல்லை. காலையில் சமையலறையில் சால்கின் அம்மாவிடம் கேட்ட அதே குரல். தமீரா சால்கின் அம்மாவின் ரூட்டரைப் பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். இதில் முகவரி தப்பாக இருக்கிறது என்றாள். மறந்திருப்பேன் என்றான் அவன்.

“மராத் கடையில உங்க கைபட்டது மூணைப் பாத்தோம். ஒண்ணுல கூட மறக்கல. இதுல மட்டும் மறந்துட்டீங்க.” அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சரி, நீங்க திருடன்னே வெச்சுக்குவோம். சிப்பு வேலை தெரிஞ்ச திருடன் முதல்ல அந்த எண்ணைத்தான் மாத்துவான். திருட்டுப் பொருளோட பேரை, அதுவும் பறிகொடுத்தவன் வீட்டுலயே, காத்துல கத்த விடுவானா?”

அவன் சூடு இறங்காத சால்டரிங் கோலைத் தாங்கியில் வைத்தான். அடுத்த பலகையை எடுத்தான். இது நகராத கல் என்று தமீராவுக்குத் தெரிந்தது, தானே அப்படி ஒரு கல்லாக இருப்பதால். அதனால் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுச் செய்தி சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமை கூடாரம் போடுகிறார்கள் என்றாள். முற்றத்தை அளந்தாயிற்று. நாற்பது வீடு. குதிரையைக் கூபாத்தின் அப்பா கொடுக்கிறார்.

பலகை மேசைமேல் விழுந்தது.

“அந்தப் பழுப்பு வேண்டாம்” என்றான் அவன். “வேற எதையாவது அறுக்கச் சொல்லுங்க. அது கூபாத்தோடது. குட்டியிலேர்ந்து அவன் வளர்த்தது.”

காற்று பெட்டியின் தகரத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் போயிற்று. தமீரா குதிரையின் நிறத்தைச் சொல்லவே இல்லை. அவளுக்கே அது தெரியாது.

அர்காதி மெதுவாக மீனைக் கீழே வைத்தான். போட்டோவை மறுபடி பார்த்தான். ஒரு வருடத்தில் ஒரு முகம் இவ்வளவு தூரம் போக முடியும் என்று அவன் நினைத்ததில்லை.

“எர்மெக்” என்றாள் தமீரா.

அவன் மறுக்கவில்லை. பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான், வேறு யாருடைய கதையையோ சொல்வதைப் போல. கூரையில் கயிற்றைக் கட்டினானா? கட்டினான். இறுக்கிப் பார்த்தானா? அது நினைவில்லை. ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்தும் அந்த ஒரு நிமிடம் மட்டும் தலையில் இல்லை. கூபாத்தைப் புதைத்த மறுநாள் ஜெங்கிஷ் வீட்டுக்கு வந்தார், சாப்பாடு கொண்டுவந்தார், தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

“யாராவது ஒருத்தர் என்னை அடிச்சிருக்கலாம் அக்கா. ஒருத்தரும் அடிக்கல. மூணு மாசம் தெருவுல போறப்ப எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசினாங்க. ஆத்துல இறங்கினேன். தண்ணி முழங்கால் வரைக்கும் வந்துச்சு. குளிரே தெரியல. செத்துப்போறதுக்குக் கூட ஒரு வேகம் வேணும் இல்லையா, அது வரல. பையை எடுத்துக்கிட்டுத் தண்டவாளத்துல நடந்தேன்.”

குளிர்காலத்தில் மராத்தின் பொட்டலத்தைப் பிரித்தபோது வீட்டு ரூட்டர் உள்ளே இருந்தது. அதன் ஓட்டில் அம்மாவின் சமையலறை எண்ணெய் படிந்திருந்தது. பழைய சிப் கருகிப்போயிருந்தது. தன் பையிலிருந்ததை நகலெடுத்து ஏற்றினான். எண்ணைத் திருத்த எல்லாம் தயாராக இருந்தது.

“திருத்தல. அந்த வீட்டுல என் பேரு ஏதோ ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். யாரும் படிக்கப் போறதில்லேன்னு நினைச்சேன்.”

படித்துவிட்டோமே என்று சொல்ல அர்காதி வாயைத் திறந்தான், தமீராவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

எர்மெக் அவளை நேராகப் பார்த்தான். அம்மாவிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றான். கூடாரம் போடட்டும், எல்லாரும் அழட்டும், முடியட்டும். அது அவர்களுக்கு நல்லது. அவனுக்கும் நல்லது.

தமீராவின் கணவனுக்கு அப்படித்தான் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஒன்றும் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“உங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்றதா ஒத்துக்கிட்டிருக்கேன். இருந்தா இருக்கான்னு, இல்லைன்னா இல்லைன்னு. நான் பொய்க்கு ஒத்துக்கல. இல்லைங்கிறதை நீதான் சொல்லணும்.”

செல்போனில் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைத் திறந்து, மேசைமேல் பலகைகளுக்கு நடுவில் வைத்தாள். நாலு தடவை மணி அடித்தது. பின்னணியில் பாத்திரச் சத்தத்தோடு சால்கின் அம்மாவின் குரல் வந்தது.

“சொல்லு மகளே. கூடாரத்து ஆளுங்க கட்டையை இறக்கிட்டாங்க. கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. இருக்கானா, இல்லையா?”

தமீரா போனை எர்மெக் பக்கம் தள்ளினாள். எர்மெக் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைகள் இரண்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அந்தப் பக்கம் அம்மா இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.

“அம்மா” என்றான் எர்மெக்.

பாத்திரச் சத்தம் நின்றது. யாரோ ஏதோ கேட்டார்கள், அவர்களைச் சும்மா இருக்கும்படி அம்மா அதட்டுவது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, நீளமாக, ஏறி இறங்கி. அந்த மூச்சைக் கேட்டு எர்மெக்கின் தாடை நடுங்க ஆரம்பித்தது. தமீரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் எரிந்தது. காற்றில் வந்த மண்தான் என்று அவள் தனக்குச் சாக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

“என்னால கூபாத்தோட அப்பா முகத்தைப் பாக்க முடியாதும்மா” என்றான்.

சால்கின் அம்மா மூக்கை உறிஞ்சினாள். ஒரு வருடமாக வராத அழுகை அவள் குரலில் ஏறியிருந்தது. ஆனாலும் நாற்பது வீட்டுக்குச் சொல்லியனுப்பிய பொம்பளையின் கண்டிப்போடுதான் பேசினாள்.

“சொன்ன சாப்பாட்டை நிறுத்த முடியாது. சனிக்கிழமை விடியறதுக்குள்ள வா. அவர் பக்கத்துலதான் உக்காரணும். கூபாத்தோட வருஷத்துக்குத்தான் நீ வரல. உன்னோடதுக்காவது வந்து சேரு.”